அழுகுணி என்கிற நான்

சிறுவயது என்றால் நம் மூத்தோர் இதழில் நீங்கள் எல்லோரும் எட்டு வயதையோ பத்து வயதையோதான் எழுதுகிறீர்கள். எனக்கு அது இரண்டு முறை வந்தது. என் வயதுக்காரர்களான உங்களிடம் இதைச் சொல்லக் கூச்சமில்லை. முதல் முறை, தாம்பரம் ரயில்வே குடியிருப்பில். இரண்டாம் முறை, கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற மறு வருஷம், செம்பாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டு மாடிக் கூடத்தில். இரண்டு முறையும் கூட விளையாடியவள் அக்கா. இரண்டு முறையும் ஆட்டத்தைக் கெடுத்தவன் நான்.

முதல் முறைக்குச் சாக்குச் சொல்லலாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா நாலு வயது மூத்தவள். குடியிருப்பின் பின்சுவருக்கு அப்பால் தண்டவாளங்கள். மத்தியானங்களில் அந்தச் சுவரில் கரியால் வட்டம் போட்டு, சிவப்பு ரப்பர் பந்தால் குறி பார்த்து எறிவோம். அக்கா இடது கையால் எறிவாள். வீட்டில் அதைப் பீச்சாங்கை என்றுதான் சொல்வார்கள். சாப்பிட, எழுத, கோலம் போட, ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் சோத்தாங்கைதான் என்று அம்மா கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிப் பழக்கியிருந்தாள். பின்சுவரில் மட்டும் கேட்க ஆளில்லை. அங்கே அந்தக் கை எறிந்தால் வட்டத்துக்கு வெளியே பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பந்தைத் தூக்கித் திறந்திருந்த ஒரு பெட்டிக்குள் எறிந்துவிட்டேன். அன்றைக்கு நான் சரியாகக் குறி பார்த்து எறிந்தது அது ஒன்றுதான். பந்து செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டது.

அக்கா அப்பாவிடம் சொல்லவில்லை. "அழுகுணி," என்றாள். அப்புறம் உள்ளே போய் அப்பாவின் பழைய காலுறைக்குள் கந்தலை அடைத்து இறுக்கி முடிந்து கொண்டுவந்தாள். "அழுகுணி ஆட்டம் ஆடினா ஆட்டம் முதல்லேருந்து. நீ கடைசி." அவள் சட்டம் அது. ஆடுவது இரண்டே பேர்தான் என்றாலும் "நீ கடைசி" என்பாள்.

இரண்டாம் சிறுவயதுக்கு வருகிறேன். அக்காவின் கணவர் காலமாகி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அக்கா எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அவளுடைய மகன் கேளம்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் ஃப்ளாட் வாங்கி, தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்காவுக்கு வேறு எண்ணம். எங்கள் மொட்டை மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அங்கே தனியாக ஓர் அடுப்பு, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு கட்டில் போட்டுக்கொண்டு தன் சமையலைத் தானே செய்துகொண்டு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "யார் கையையும் பாக்காம இருக்கணும்டா. பக்கத்துல மனுஷா இருக்கணும். ரெண்டும் இங்க கிடைக்கும்," என்றாள். சுவருக்கு இளம்பச்சைப் பெயின்ட்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

அந்தக் கோடையில் அமெரிக்காவிலிருந்து என் மகன் குடும்பத்தோடு வந்தான். பேத்திக்கு அப்போது எட்டு வயது. பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு விளையாட்டு இயந்திரம். புத்தகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. டிவிக்கு மேலே வைக்க ஒரு குச்சி. கையில் பிடிக்க ரிமோட் மாதிரி ஒன்று. அதை மணிக்கட்டில் வாரால் கட்டிக்கொண்டு வீசினால், டிவிக்குள் இருக்கும் பொம்மையும் அதே மாதிரி வீசும். டென்னிஸ், குத்துச்சண்டை, பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம், எல்லாம் இருந்தன.

அமெரிக்கப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு அடுத்த விஷயம் சொல்லாமலே தெரியும். அங்கே மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட். இங்கே இருநூற்று முப்பது. நேராகச் செருகினால் பொருள் கருகிவிடும். நடுவில் ஸ்டெப்-டவுன் வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கிய ஒன்று எங்களிடம் இருந்தது. இரும்புக் கூடு, செங்கல் கனம், சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். அக்கா அதற்கு முனகல் பெட்டி என்று பெயர் வைத்தாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்து, "முனகுது, ஆரம்பிக்கலாம்," என்று அவள் சொன்ன பிறகுதான் ஆட்டம்.

முதல் நாள் பேத்தி ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை செய்தாள். அக்காவுக்குக் கொண்டையும் வட்டக் கண்ணாடியும். எனக்கு வழுக்கையும் மீசையும் ஏறிய புருவமும்.

"அத்தைப் பாட்டி, லெஃப்டா ரைட்டா? எந்தக் கைல ஆடுவீங்க?"

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். திரையிலும் அதே கேள்வி இருந்தது.

"டேய், இது என்னைக் கேக்குதுடா," என்றாள் என்னிடம். "பீச்சாங்கையா சோத்தாங்கையான்னு கேக்குது!"

"பீச்சாங்கைன்னா?" என்றாள் பேத்தி.

"நல்ல கை," என்றாள் அக்கா. "அதையே போடு."

பெயர் எழுதும் முறை வந்தது. அக்காவுக்கு 'அக்கா'. என் முறை வந்தபோது அக்கா முந்திக்கொண்டாள். "அவனுக்கு அழுகுணின்னு போடு." பேத்தி ஆங்கிலத்தில் ஏதோ எழுதினாள். அது 'அலுகுனி' என்று வந்தது. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? "ழ வரணும்னா ஜெட், ஹெச் போடணும் கண்ணு," என்றேன். என் வசவை நானே எழுத்துப்பிழை இல்லாமல் திருத்திக் கொடுத்தேன். என் மனைவி சோபாவில் விழுந்து சிரித்தாள்.

மகன் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது, "அங்கே புதுசு வாங்கிக்கறோம்," என்று இயந்திரத்தை விட்டுப் போனது. அதிலிருந்துதான் எங்கள் பருவம் தொடங்கியது.

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் ஆட்டம். டீப்பாயை ஓரம் தள்ளுவோம். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுவாள். மொசைக் தரை அந்த வெயிலிலும் குளிர்ந்திருக்கும், வெறுங்காலில் நின்று ஆடுவோம். அக்கா ரிமோட்டைக் காதோரம் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, ஓர் அடி முன்னே வைத்து, இடது கையைத் தாழ வீசி விடுவாள். பந்து ஓரமாகவே உருண்டு போகும். 'போச்சு' என்று நான் நினைக்கிற இடத்தில் உள்ளே வளைந்து பத்துக் கட்டைகளையும் சாய்க்கும். அக்கா குதிப்பாள். அறுபத்துநாலு வயதில், மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குதிப்பாள்.

நான் கோணம் கணக்கிட்டேன். வேகம் கணக்கிட்டேன். என் பந்து பாதி வழியில் ஓரப் பள்ளத்தில் விழுந்தது. திரையில் மீசைப் பொம்மை தலையைத் தொங்கப் போட்டது.

"சார், தம் கட்டாதீங்க. கைய ஃப்ரீயா வுடுங்க," என்பார் கீழ்வீட்டு அம்மா. கீழ்வீட்டில் குடியிருந்த பாய் பல்லாவரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவர் மனைவிதான் அக்காவுக்கு டென்னிஸ் ஜோடி. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அக்கா, நீங்க முன்னாடி வர்றத அடிங்க, பின்னாடி நான் பாத்துக்கறேன்," என்று கூடத்தில் உண்மையாகவே பின்னால் போய் நின்றுகொள்வார். நான் அறிவாளியாக, "பின்னால போக வேண்டாம்மா, அது கை அசைவை மட்டும்தான் பாக்குது. உக்காந்தே ஆடலாம்," என்றேன்.

"உக்காந்து ஆடறதுக்கு எதுக்கு சார் டென்னிஸ்?" என்றார்.

ஒரு நாள் குத்துச்சண்டை நடந்தது. இஸ்திரிக்காரர் துணி கொடுக்க மாடிப்படி ஏறி வந்து, திறந்த கதவு வழியாகப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். "இன்னா சார் இது, அம்மா யார அடிச்சிக்கினு கீது? நீங்க வேற சும்மா பாத்துக்கினு கீறீங்க!" அடி வாங்கிக்கொண்டிருப்பது திரையில் என் பொம்மை என்று விளக்கியதும், துணி மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு ஓர் ஆட்டம் முழுக்க நின்று பார்த்தார். "அம்மாக்கு லெஃப்ட்டு சூப்பரா கீது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாள்களில் எனக்கு இருந்தது சந்தோஷம்தான். அதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். வெளியே காட்டியது சிடுசிடுப்பு. தோற்றால் ரிமோட்டில் பேட்டரி சரியில்லை என்பேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்பேன். அக்கா திரையில் என் பெயரைச் சுட்டிக் காட்டுவாள்.

ஐப்பசி பிறந்து மழை ஆரம்பித்திருந்த ஒரு சாயங்காலம், என் கல்லூரி நண்பர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். டிவி அணைக்கப்படாமல் இருந்தது. திரையில் பெரிய எழுத்தில் என் பெயர். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "அழுகுணியா? யாரு சார் அது?"

அக்கா சொல்லிவிட்டாள். கூட்ஸ் வண்டி, சிவப்புப் பந்து, காலுறை, எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். நண்பர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கல்லூரியில் என் வகுப்பு என்றால் வராந்தாவில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அப்படிப்பட்டவன் நான் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

மறுநாள் காலை ஏரிக்கரை நடையில் அந்த நண்பரும் அவரோடு நடக்கிற மூன்று பேரும் எதிரே வந்தார்கள். "வாங்க அழுகுணி சார்!" என்றார்கள் ஒரே குரலில். அவ்வளவுதான் நடந்தது. வேறொருவன் சிரித்திருப்பான். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

தினமும் காலையில் டிவிக்குப் பின்னால் தூசி தட்டுவது அக்கா. வயர்களைப் பிடுங்கித் துடைத்துவிட்டு மறுபடி செருகுவாள். அன்றும் செய்துவிட்டுக் குளிக்கப் போனாள். மனைவி சமையலறையில் இருந்தாள். நான் டிவிக்குப் பின்னால் குனிந்தேன். விளையாட்டு இயந்திரத்தின் தட்டைப் பின்னை முனகல் பெட்டியிலிருந்து பிடுங்கி, டிவி செருகியிருந்த, எல்லா நாட்டுப் பின்னும் நுழைகிற எக்ஸ்டென்ஷன் பலகையில் நேராகச் செருகினேன். அது கை தவறியதல்ல. அந்தப் பெயர் திரையில் மறுபடி வரக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. சுவிட்சைப் போடுவது எப்போதும் அக்காதான் என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் அப்போது நினைத்துப் பார்க்காமல் இருந்துகொண்டேன்.

மதியம் கீழ்வீட்டு அம்மா வந்தார். அக்கா முனகல் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சுவரில் தனியாகச் செருகியிருந்த அது வழக்கம்போல் முனகிக்கொண்டுதான் இருந்தது. "ஆரம்பிக்கலாம்," என்று பலகையின் சுவிட்சைத் தட்டினாள். பட்டென்று ஒரு சத்தம். பிறகு அந்த நாற்றம். ரப்பரும் மீனும் சேர்ந்து கருகின மாதிரி. திரை கறுப்பாகவே இருந்தது.

அக்காவின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. குனிந்து பின்னால் பார்த்தாள். பின் எங்கே இருக்கிறது என்று கண்டாள்.

"நான்தான் தொடச்சிட்டு மாத்திக் குத்திட்டேனாடா?"

என் வயதுக்காரர்களே, அந்த இடத்தில் ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. 'இல்லக்கா' என்று சொல்ல அது போதும். நான் சொன்னது வேறு. "விடுக்கா. வயசானா அப்படித்தான்."

நான் செய்த தப்புக்கு அவளை மன்னித்தேன்.

"அக்கா, மெஷின்தானே, போனாப் போவுது," என்றார் கீழ்வீட்டு அம்மா. அக்கா தலையாட்டினாள். அன்று ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவள் எழுந்து போய் மறுபடி பார்த்தாள். அடுத்த வாரம் மிக்சியைத் தானே போடாமல் என் மனைவியைக் கூப்பிட்டாள். கீசர், அயர்ன் பாக்ஸ், கடைசியில் விளக்கு சுவிட்ச்கூட. "நீ போடேன்மா, எனக்கு எது எதுன்னு குழம்புது." குழப்பம் எதுவும் இல்லை. அவள் கணக்கு வழக்கு, பேச்சு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. பயம் மட்டும்தான் வந்திருந்தது.

பச்சைப் பெயின்ட் பற்றிப் பேச்சு நின்றது. கார்த்திகையில் மகனுக்கு அவளே போன் செய்தாள். "தனியா அடுப்பு வச்சுக்கற வயசு தாண்டிடுச்சுடா. நான் வர்றேன்." கார் வந்தபோது என்னிடம் சொன்னாள்: "இங்க இருந்தா ஒரு நாள் உன் வீட்டையே எரிச்சிடுவேன்."

"அண்ணி, இது உங்க வீடு," என்று என் மனைவி அழுதாள். நான் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தேன்.

கேளம்பாக்கம் தூரமில்லை. மாதம் ஒரு முறையாவது போவோம். ஒவ்வொரு முறையும் அக்கா வீட்டுவேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு, "தம்பிக்கு ஃபேன் போடும்மா," என்பாள். சுவிட்ச் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் காற்றில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவேன். எத்தனையோ வருஷம் அப்படிக் குடித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருகியது இயந்திரம் இல்லை, அதன் அடாப்டர் மட்டும்தான் என்று எனக்கு அன்றே சந்தேகம் இருந்தது. உள்ளூர் அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினால் தெரிந்துவிடும். வாங்கவில்லை. இயந்திரம் பிழைத்தால், எப்படிக் கெட்டது என்கிற பேச்சும் பிழைத்துக்கொள்ளும் என்று பயந்தேன். எல்லாவற்றையும் மொட்டை மாடி அறையில் போட்டுப் பூட்டினேன்.

போன தை மாதம் பேத்தி வந்தாள். இப்போது அவள் வேலைக்குப் போகிற பெண். மாடி அறையில் எதையோ தேடப் போனவள் வெள்ளைப் பெட்டியைத் தூசியோடு கொண்டுவந்தாள். "தாத்தா, இது இன்னும் இருக்கா! அடாப்டர்தான் போயிருக்கும்," என்று போனிலேயே ஒன்றை வரவழைத்தாள். நம் ஊர் மின்சாரத்துக்கே ஆனது. செருகினாள். பெட்டியில் சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். கொண்டையோடு அக்கா. பக்கத்தில், ஏறிய புருவத்தோடு, எழுத்துப்பிழை இல்லாமல் அழுகுணி.

பேத்தி சிரித்துக்கொண்டே திரும்பினாள். என் முகத்தைப் பார்த்து, "என்னாச்சு தாத்தா?" என்றாள்.

முதலில் அவளிடம் சொன்னேன். பிறகு என் மனைவியிடம். மனைவி டிவியை அணைத்தாள். "அண்ணிகிட்ட போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து என்கிட்ட பேசுங்க," என்றாள்.

மறுநாளே மூவரும் கேளம்பாக்கம் போனோம். அக்காவின் மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா கூன் விழுந்து, இன்னும் சின்ன உருவமாக, பால்கனிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "தம்பிக்கு ஃபேன்..." என்று வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"வேண்டாங்க்கா. அந்தப் பின்னை மாத்திக் குத்தினது நீ இல்ல. நான்."

எந்தப் பின் என்று அவள் கேட்கவில்லை.

"தெரியாம செஞ்சியா?"

"தெரிஞ்சுதான்."

"எதுக்கு?"

"அழுகுணின்னு பேர் வந்தது பிடிக்கல."

அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள். "ஒரு லைட்டப் போட ஆளக் கூப்பிட்டிருக்கேன்டா," என்றாள். குரல் உயரவில்லை. "இருட்டுல உக்காந்திருக்கேன். புள்ள ஆபீஸ்லேருந்து வர்ற வரைக்கும், வேலைக்காரப் பொண்ணு வராத அன்னிக்கெல்லாம் இருட்டுல உக்காந்திருக்கேன். என் மூளை போயிடுச்சுன்னு நினைச்சுண்டு. அப்பல்லாம் நீ இங்க வந்து காபி குடிச்சுட்டுப் போனே."

"ஆமாங்க்கா."

"எந்திரிச்சுப் போயிடு அந்தப் பக்கம். உன் மூஞ்சியப் பாக்க முடியல."

நான் பால்கனிக்குப் போனேன். ஒன்பது மாடிக்குக் கீழே சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. உள்ளே என் மனைவி மெல்ல ஏதோ சொல்வதும், அக்கா மூக்கைச் சிந்துவதும் கேட்டன. பிறகு பேத்தி எதையோ டிவியோடு பொருத்துகிற சத்தம். பெட்டியை அவள் கைப்பையில் கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது.

வெகு நேரம் கழித்து, "டேய்," என்று கூப்பிட்டாள் அக்கா.

உள்ளே போனேன். அக்கா எழுந்து நின்றிருந்தாள். தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. ரிமோட் வாரைப் பேத்தி அவள் இடது மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. என்மேல் இருந்த கோபம் போயிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"முனகல் பெட்டி எங்கடா?"

"இனிமே அது வேண்டாங்க்கா. இது நம்ம ஊர் கரன்ட்டுக்கே ஆனது."

"ஆட்டம் முதல்லேருந்து," என்றாள். "நீ கடைசி."

பேத்தி சுவிட்சைப் போடக் கையை நீட்டினாள். என் மனைவி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அக்கா சுவர்ப் பக்கம் நடந்தாள். சுவிட்சுக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

பீச்சாங்கையால் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.